பாலிஷ் போட வந்த சாமியிடம் கேட்காத கேள்வி

நான்கு வருடங்களுக்கு முன்பு, மார்கழி பிறந்த முதல் வாரத்தில் நடந்தது இது. இராஜபாளையத்தில் எங்கள் வீட்டு ஹாலில் தொடங்கி, ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் ஒரு பஸ்ஸுக்குள் வைத்து என்னைத் தலைகுனிய வைத்த சம்பவம். இன்றைக்கும் அந்த ரூட் பஸ்ஸில் ஏறினால் ஜன்னலோர சீட் பக்கம் பார்க்க மாட்டேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நான் செய்தது புரியும். பேண்டேஜ் துணி தயாரிக்கும் ஒரு கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். வெளிச்சத்தில் துணியை விரித்துப் பார்த்து, ஒரு இழை விலகியிருந்தாலும் ஒதுக்கிப் போடுவதுதான் இருபது வருடமாக என் வேலை. அந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே வந்துவிடும். "தேவதூதனே வந்தாலும் சிறகுல ஒரு இழை விலகியிருக்குன்னு திருப்பி அனுப்பிருவா" என்று என் கணவர் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் அப்பா குடிகாரர். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வயதில் அவரைச் சாக்கடை ஓரத்திலிருந்து தூக்கி, தோளில் சாய்த்து, தெருவே பார்க்க வீட்டுக்குக் கூட்டி வந்திருக்கிறேன். நாங்கள் கோயில் என்று சொல்லும் சர்ச்சில், எங்கள் வரிசை பெஞ்சில் யாரும் நெருங்கி உட்கார மாட்டார்கள். அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. ஆனால் அந்த வாடை எங்காவது வீசினால் போதும், எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரியும். பத்தடி தள்ளி நின்றாலும் குடித்தவனைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று ஒரு பெருமை வேறு. என் மூக்கு என்றைக்கும் பொய் சொன்னதில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள் எங்கள் மகளுக்கு நிச்சயதார்த்தம். எங்கள் வீட்டில் ஒரு பழைய தேக்கு சோபாவும், எட்டுப் பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற மேஜையும், ஒரு கட்டிலும் உண்டு. பாலிஷ் போய், டம்ளர் வைத்த வட்டம் வட்டமாகக் கறை படிந்து, பார்க்கவே பொலிவில்லாமல் கிடந்தன. மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்காரும்போது அவை இப்படிக் கிடந்தால் என்ன நினைப்பார்கள் என்று எனக்கு ஒரே அரிப்பு. கூட வேலை பார்க்கும் ஒருத்தி சொல்லி, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு பாலிஷ்காரர் வந்தார்.

ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான ஆள். சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். கறுப்பு வேட்டி, கறுப்புத் துண்டு, வெறுங்கால், ஒரு மாதத்துத் தாடி. மாலை போட்டவர்கள் எல்லோரையும் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். என்னையும் சாமி என்றார், என் கணவரையும் சாமி என்றார், மேஜைக்கு அடியில் படுத்திருந்த பூனையிடம்கூட "செத்த தள்ளிப் படுங்க சாமி" என்றார். பதிலுக்கு அவரையும் எல்லோரும் சாமி என்றுதான் சொல்ல வேண்டும். எனக்கு மட்டும் அது வாயில் வரவில்லை. எங்கள் சபையில் வளர்ந்த பழக்கம். "இந்தாங்க", "ஏங்க" என்று பொதுவாகவே பேசிச் சமாளித்தேன். அவர் அதைக் கவனித்தாரோ என்னவோ, காட்டிக்கொள்ளவில்லை.

முதல் நாள் வந்ததும் நான் டீ குடிக்கிறீர்களா என்று கேட்டேன். வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார். மாலை போட்டவர்கள் கவிச்சி சமைக்கிற வீட்டில் கை நனைக்க மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். எதற்கு அவருக்கும் சங்கடம், நமக்கும் சங்கடம் என்று அதோடு விட்டுவிட்டேன். அது நாகரிகம் என்றே நினைத்தேன்.

வேலை சுத்தமாக இருந்தது. உப்புத்தாள் போட்டுப் பழைய பாலிஷை எடுத்து, அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து, தொட்டுத் தொட்டு ஒரே சீராக இழுத்தார். நான் கம்பெனியிலிருந்து கழிவாகும் காஸ் என்கிற மெல்லிய பேண்டேஜ் துணி கொஞ்சம் கொண்டு வந்து கொடுத்தேன். "ஆஸ்பத்திரித் துணியில பாலிஷா சாமி, உங்க சோபாவுக்கு ராஜ வைத்தியந்தான்" என்று சிரித்தார். செக்கிங் கண்ணோடு குனிந்து குனிந்து பார்த்தேன். குறை சொல்ல ஒரு இழை அகப்படவில்லை.

ஒரே ஒரு விஷயத்தில்தான் எங்களுக்குள் ஒத்துவரவில்லை. அது ஜன்னல். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த சமயம். வெளியே போட்டு வேலை பார்க்க வழியில்லை. ஈரக் காற்றுப் பட்டால் இந்தப் பாலிஷ் வெள்ளை பூத்துவிடும் என்று அவரே சொல்லியிருந்தார். அதனால் வெயில் வந்த பிறகு, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்து, நிதானமாகப் போடலாம் என்பது அவர் யோசனை. "வாடை நிக்கக் கூடாது சாமி, தலையைச் சுத்தும்" என்றார். எனக்கோ நாள் போகிறதே என்ற அவசரம். போதாததற்கு என் கணவருக்கு இளைப்பு உண்டு, மார்கழிப் பனி ஆகவே ஆகாது. "வெள்ளை பூக்கும்னு நீங்கதான சொன்னீங்க, அடைச்சே இருக்கட்டும்" என்று எல்லா ஜன்னலையும் நானே சாத்திவிட்டேன்.

இரண்டாம் நாளே எனக்குத் தலைவலி. கணவருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. எல்லாம் பனியால் வந்தது என்று முடிவு கட்டி, ஜன்னல் இடுக்கில் துணி வேறு வைத்து அடைத்தேன். ஆளுக்கு ஒரு டம்ளர் சுக்குக் காபி. ஆவி பிடித்தோம். வாடைக்கு ஆகட்டும் என்று காஸ் துணியை நாலாக மடித்து எங்கள் முகத்தில் கட்டிக்கொண்டோம், அவருக்கும் ஒன்று கொடுத்தேன். எங்கள் துணி ரத்தத்தை நிறுத்தும். வாடையை நிறுத்துமா? இருபது வருடம் அதோடு மாரடித்த எனக்கு அது தோன்றவில்லை.

இன்னொரு சந்தேகமும் அந்த இரண்டு நாளில் எனக்குள் வந்திருந்தது. தினமும் பத்து மணிக்கு அவர் தன் மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போவார். தெருக்குழாயைத் தாண்டி ஒரு வேப்பமரம் இருக்கிறது, அந்தப் பக்கம் மறைவார். கால் மணி நேரம் கழித்து வாயைத் துடைத்துக்கொண்டு வருவார். பையை எதற்கு மறைத்து எடுத்துக்கொண்டு போகிறார்? அப்பாவும் இப்படித்தான் ஒரு பையோடு போய்விட்டு வருவார்.

மூன்றாம் நாள். விடியும்போதே சிணுங்கல் மழை. நான் லீவு போட்டிருந்தேன். கணவருக்குச் சளிக்கு நல்லது என்று நெத்திலிக் கருவாட்டைக் காரசாரமாகக் குழம்பு வைத்தேன். ஜன்னலெல்லாம் அடைப்பு. கருவாட்டு வாடையும் ஸ்பிரிட் வாடையும் ஒன்றாகக் கலந்து வீடு முழுக்க நின்றது. பத்து மணிக்கு அவர் வழக்கம்போல் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். மழை வலுத்திருந்தது. சற்று நின்று பார்த்துவிட்டு, கொல்லைப்பக்கம் போனார். உடனே திரும்பி வந்து பையைச் சுவரோரம் வைத்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். நான் சமையல்கட்டிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பதினொன்றரை மணி வாக்கில் ஹாலுக்கு வந்தேன். முந்தின நாள் கண்ணாடிபோல் முடித்து வைத்திருந்த சோபாக் கைப்பிடியை அவர் உப்புத்தாள் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். அது முடிந்த இடமாயிற்றே என்றேன். "எனக்குத் தெரியும், நீங்க போங்க" என்றார். குரலில் எரிச்சல். மூன்று நாளில் முதல் தடவையாக அந்த 'சாமி'யும் இல்லை. நாக்குக் குழறியது. எழுந்து நின்றவர் தள்ளாடி மேஜையில் இடித்துக்கொண்டார். ஸ்பிரிட் டப்பா கவிழ்ந்து அவர் வேட்டியெல்லாம் நனைந்தது. குப்பென்று அந்த வாடை என் முகத்தில் அடித்தது.

எனக்கு அதற்கப்புறம் அவர் தெரியவில்லை. என் அப்பாதான் தெரிந்தார்.

"மாலையப் போட்டுக்கிட்டுக் குடிச்சிட்டு வந்து நிக்கீகளே, வெக்கமா இல்ல? உங்க சாமிக்குத்தான் பயப்படல, மனுசருக்காவது பயப்பட வேண்டாமா? வெளிய போங்க!"

கத்தினேன். அடைத்த ஜன்னலையும் தாண்டிப் பக்கத்து வீடுகளுக்குக் கேட்கும்படி கத்தினேன். அவர் ஒரு கையால் மாலையைப் பிடித்துக்கொண்டார். என்னையே பார்த்தார். பிறகு வாசலைத் தேடுகிறவர்போல் தடவித் தடவிப் போய், மழையில் இறங்கி நடந்தார்.

கணவர் உள்ளறையிலிருந்து இளைத்துக்கொண்டே வந்தார். "ஏட்டி, குடிக்கிற ஆளு மாதிரித் தெரியலையே" என்றார். என் மூக்கைவிட உங்களுக்குத் தெரியுமா என்று அவர் வாயையும் அடைத்தேன்.

பிறகுதான் சுவரோரம் இருந்த பை கண்ணில் பட்டது. அவர் பொருள் ஒரு நிமிஷம்கூட என் வீட்டில் இருக்கக் கூடாது என்று அதைத் தூக்கிக்கொண்டு, குடையை விரித்து, பஸ் நிறுத்தத்துக்கு விரைந்தேன். அப்போதுதான் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் வந்து நின்றிருந்தது. அவர் ஏறுவது தெரிந்தது. பையை அவர் மடியில் எறிந்துவிட்டு இறங்கிவிடலாம் என்று நானும் ஏறினேன். பஸ் கிளம்பிவிட்டது. சரி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொள்ளலாம் என்று அவருக்கு இரண்டு சீட் பின்னால் உட்கார்ந்தேன்.

கண்டக்டர் வந்து அவரிடம் டிக்கெட் கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை. கண் திறந்திருந்தது, ஆனால் பார்வை இல்லை. ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்திருந்தார். பக்கத்தில் இருந்தவர் எழுந்து துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அண்ணே, சாமி ஃபுல்லா ஏத்திருக்காரு" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். இவர்களால்தான் மாலைக்கே மதிப்பில்லாமல் போய்விட்டது என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். "இறங்குங்க சாமி. வாந்தி கீந்தி எடுத்தா பஸ்ஸு நாறிப்போகும்."

உண்மையைச் சொல்கிறேன். அந்த நேரத்தில் எனக்குத் திருப்தியாக இருந்தது. நான் சொன்னதையே ஊரும் சொல்கிறதே என்று, அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

பஸ் பிரேக் போட்டதில் பை சரிந்தது. கனமாக இருந்தது. பாட்டிலை எடுத்து எல்லோரிடமும் காட்டிவிட வேண்டும் என்ற எண்ணத்தில்தான் உள்ளே கையை விட்டேன். தண்ணீர் பாட்டில் ஒன்று. மோந்து பார்த்தேன், வெறும் தண்ணீர். ஒரு சில்வர் டிபன் டப்பா. திறந்தேன். வாழையிலைத் துண்டில் நாலு இட்லி, மேலே எண்ணெய் குழைத்த பொடி. ஒன்றுகூட எடுபடவில்லை. அடியில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதில் அரசு ஆஸ்பத்திரியில் கொடுக்கிற சுகர் நோட்டும் மாத்திரை அட்டையும். அட்டையில் கடைசிக் குழி அன்றைக்குத்தான் பிரித்ததுபோல் பளபளவென்றிருந்தது.

எங்கள் கம்பெனியில் ஒருத்தி சுகர் மாத்திரையைப் போட்டுவிட்டு, காலையில் சாப்பிட நேரமில்லாமல் வந்து, தறிக்கு முன்னால் இப்படித்தான் உளறினாள். சம்பந்தமில்லாமல் கோபப்பட்டாள். பிறகு சரிந்தாள். சாப்பிடாமல் மாத்திரை போட்டால் சர்க்கரை இறங்கி உயிரே போகும் என்று சூப்பர்வைசர் அன்றைக்கு எங்களை எல்லாம் நிற்க வைத்து ஏசியது எனக்கு நினைவு வந்தது.

தினமும் பத்து மணிக்கு அவர் எங்கே போனார் என்பது அப்போதுதான் புரிந்தது. கை கால் கழுவி, மரத்தடியில் உட்கார்ந்து, சாமியைக் கும்பிட்டுவிட்டு இந்த இட்லியைச் சாப்பிட்டிருக்கிறார். இன்றைக்கு வெளியே மழை. உள்ளே என் கருவாட்டு வாடை. மாலை போட்டவர் அதற்கு நடுவில் டப்பாவை எப்படித் திறப்பார்? மூடி வைத்துவிட்டு, வெறும் வயிற்றோடு, நான் அடைத்து வைத்த அறையில் உட்கார்ந்து எனக்காகப் பாலிஷ் போட்டிருக்கிறார்.

"இறக்கிராதீங்க! அவரு குடிக்கல!"

கத்தியது நான்தான். இரண்டாவது தடவை அன்றைக்கு. கண்டக்டர் திரும்பி, இவரை உங்களுக்குத் தெரியுமா என்றார்.

"எங்க வீட்லதான் பாலிஷ் போட்டாரு. அது பாலிஷ் ஸ்பிரிட் வாடை. சுகர் மாத்திரை போட்டவரு, காலைல இருந்து சாப்பிடல" என்று பையைத் தூக்கிக் காட்டினேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது.

முன் சீட்டிலிருந்த ஒரு அம்மா எழுந்து வந்து அவர் கழுத்தில் கை வைத்துப் பார்த்தார். "யாத்தே, உடம்பு சில்லுன்னு இருக்கு. வேர்த்து ஊத்துதே. ஏங்க, எவர்ட்டயாவது இனிப்பு இருக்கா?"

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து திரும்புகிற பஸ்ஸாக இருந்தால் ஆளுக்கு ஒரு டப்பா பால்கோவா இருந்திருக்கும். போகிற பஸ்ஸில் யார் வைத்திருப்பார்கள்? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். சட்டென்று அந்த அம்மாவே தன் பையைக் குடைந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். ரேஷன் சீனி. பல்லால் கடித்துக் கிழித்து, தண்ணீர் பாட்டிலுக்குள் கொட்டிக் குலுக்கினார். மாதம் முழுக்க வீட்டுக்கு வேண்டிய சீனி, பாதி பஸ் தரையில் சிந்தியது. அந்த அம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கண்டக்டர் பாலிஷ்காரரை நிமிர்த்தி உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மா பாட்டிலை என்னிடம் நீட்டினார், தெரிந்தவள் நான்தானே. உதட்டில் வைத்தேன். அவர் வாயை இறுக மூடிக்கொண்டார். முகத்தைத் திருப்பினார். அரை மயக்கத்திலும் கை மாலையைத்தான் பிடித்திருந்தது. யாரோ எதையோ குடிக்கக் கொடுக்கிறார்கள், குடிக்கக் கூடாது என்று மட்டும் அவருக்குத் தெரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"சீனித் தண்ணிதான் சாமி. குடிங்க சாமி. வேற ஒண்ணுமில்ல சாமி."

மூன்று நாளாக வராத சொல், அன்றைக்கு எத்தனை தடவை வந்ததென்று தெரியவில்லை. உதடு மெல்லத் திறந்தது. ஒரு மிடறு, இரண்டு மிடறு. கண்டக்டர் டிரைவரைப் பார்த்து, எங்கேயும் நிறுத்த வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்கு விடுங்கள் என்று சத்தம் போட்டார். நடுவில் இறங்க வேண்டியவர்கள் பலர் இருந்தார்கள். ஒருத்தர்கூட முணுமுணுக்கவில்லை. மூக்கைப் பொத்தியவர் மட்டும் எங்கள் பக்கம் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரைத் தள்ள வந்தவரும் முகத்தைச் சுளித்தார். அவர் கேட்பதற்கு முன்னால் நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். விரலில் குத்திப் பார்த்த நர்ஸ் டாக்டரைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டார். குளுக்கோஸ் ஏறியது. நடுவழியில் இறக்கிவிட்டிருந்தால் ஆள் பிழைத்திருக்க மாட்டார் என்று டாக்டர் பிறகு சொன்னார். இறக்கிவிடச் சொன்னபோது நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன் என்பது அவருக்குத் தெரியாது.

அந்த டாக்டரிடம் பேச்சுவாக்கில் எங்கள் தலைவலியையும் கணவரின் இளைப்பையும் சொன்னேன். ஜன்னல் திறந்திருந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். "பனி ஒண்ணும் பண்ணலம்மா. அந்த ஆவியத்தான் மூணு நாளாக் குடிச்சிருக்கீங்க. போய் மொதல்ல ஜன்னலைத் திறங்க" என்றார். உடனே வீட்டுக்குப் போன் போட்டேன். ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு வெளியே வந்து உட்காரும்படி கணவரிடம் சொன்னேன். அன்று சாயங்காலமே அவருக்கு மூச்சு சீரானது.

பாலிஷ்காரரின் மனைவி தகவல் தெரிந்து ஓடி வந்தார். நான் யாரென்று கேட்கும் முன்பே, என்ன சொல்லித் துரத்தினேன் என்பதை ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னேன். ஏசட்டும், அடிக்கக்கூடச் செய்யட்டும் என்றுதான் நின்றேன். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு காலத்துல குடிச்சவியதாம்மா. எம்புட்டோ சீரழிஞ்சோம். மாலை போட ஆரம்பிச்ச பொறவு ஒரு சொட்டுத் தொட்டதில்ல. பதினோரு வருசமாச்சு."

என் அப்பா ஒரே ஒரு வருடம் அப்படி இருந்திருந்தால் அவர் காலைக் கழுவிக் குடித்திருப்பேன். பதினோரு வருடம் தன்னோடு தானே மல்லுக்கட்டி ஜெயித்த ஒரு மனிதரை, நாலு வீடு கேட்க, குடிகாரன் என்று துரத்தியிருக்கிறேன்.

அவர் கண் விழித்ததும் முதலில் கழுத்தைத் தடவினார். மாலை இருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். "சாமி, நான் குடிக்கல" என்றார்.

குற்றம் செய்தவளிடமே தன்னை நிரூபித்துக்கொண்டிருந்தார் அந்த மனிதர். கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருடைய கவலை வேறு. பஸ்ஸில் பக்கத்தில் இருந்து மூக்கைப் பொத்தியவர் அவர் தெருக்காரர், அது மட்டும் அவருக்கு நினைவிருந்தது. நான் பஸ்ஸில் என்ன சொல்லியிருந்தாலும், தான் பார்த்ததை அவர் ஊரில் சொல்லாமலா இருப்பார்? பழைய கதை தெரிந்தவர்கள் மறுபடி ஆரம்பித்துவிட்டான் என்றுதானே நம்புவார்கள்? மாலையோடு குடித்தவனைக் குருசாமி இருமுடி கட்டி மலைக்குக் கூட்டிப் போக மாட்டார். "ஞாயித்துக்கிழமை இருமுடிக் கட்டு. ஒரு எட்டு வந்து, நடந்ததைச் சொல்லிட்டுப் போயிருங்க சாமி. நான் சொன்னா நம்ப மாட்டாக" என்றார். உயிர் பிழைத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அவர் கேட்ட உதவி அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு, நான் ஒரு வருடமும் ஆராதனைக்குப் போகாமல் இருந்ததில்லை. அன்று கணவரை மட்டும் கோயிலுக்கு அனுப்பிவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். பஜனை மடத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். உள்ளே கறுப்பு வேட்டிக் கூட்டம். அவர் ஒரு ஓரமாக, யாரோடும் சேராமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. கோயிலில் என் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த காலி இடம் எனக்கு நினைவு வந்தது.

குருசாமி என்னை உள்ளே கூப்பிட்டார். எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். "இந்தச் சாமி குடிக்கல. குடிச்சாருன்னு மொதல்ல சொன்னது நான்தான். நான் சொன்னது பொய். அவரு பட்டினியா இருந்தாரு, எனக்கு அது தெரியல." பஸ்ஸில் மூக்கைப் பொத்தியவரும் அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தார். அவர்தான் முதலில் நகர்ந்து வந்து அந்தக் காலி இடத்தில் உட்கார்ந்தார்.

இருமுடிக் கட்டு தொடங்கியது. அவர் முறை வந்தபோது மனைவி இருமுடிப் பையில் அரிசி அள்ளிப் போட்டார், சொந்தக்காரர்கள் போட்டார்கள். அவர் திரும்பி என்னைப் பார்த்து, "நீங்களும் ஒரு கை போடுங்க சாமி" என்றார். நான் தயங்கினேன். வேதம் வேறு என்பதால் இல்லை. அந்தக் கை என்ன செய்த கை என்று எனக்குத் தெரியும், அதனால்தான். அவர் பையின் வாயை இன்னும் கொஞ்சம் விரித்துப் பிடித்தார். போட்டேன்.

வேன் கிளம்பும் நேரம். சரண கோஷத்துக்கு நடுவே, தலையில் இருமுடியோடு அவர் என் பக்கம் வந்தார். போய் வருகிறேன் என்று சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"சாப்பிட்டீகளா சாமி?" என்று கேட்டார்.

அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். எங்கள் ஊர்ப் பக்கம் தபால் கொடுக்க வருகிறவரிடம்கூட அதைக் கேட்போம். கேஸ் சிலிண்டர் தூக்கி வருகிறவரிடம் கேட்போம். வாய்ப் பழக்கம் அது. மூன்று நாள் என் வீட்டுத் தரையில் உட்கார்ந்து வேலை பார்த்தவரிடம் நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நம் வீட்டில் அவர் சாப்பிட மாட்டார், எதற்குக் கேட்க வேண்டும் என்று விட்டுவிட்டேன். என் வீட்டில் சாப்பிடாவிட்டால் என்ன, சாப்பிட்டாரா என்று கேட்டிருக்கலாமே. கேட்டிருந்தால், கருவாட்டுச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, கொல்லை வராந்தாவைக் கழுவிக் கொடுத்திருப்பேன். அரை மணி நேர வேலைதான்.

பாதி பாலிஷ் போட்ட மேஜைமேல் விரிப்பைப் போட்டு மகளின் நிச்சயதார்த்தத்தை நடத்தினோம். மாப்பிள்ளை வீட்டார் யாரும் விரிப்பைத் தூக்கிப் பார்க்கவில்லை. மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றியிருந்த அவர் பொங்கல் கழிந்து வந்து, எல்லா ஜன்னலையும் திறந்து வைத்து, நிதானமாக மீதியை முடித்தார். அன்றைக்கு என் வீட்டுச் சாப்பாட்டை, அந்த மேஜையிலேயே உட்கார்ந்து, இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இப்போதும் தெருவில் யாராவது தள்ளாடி நடந்தால் என் மூக்கு முந்திக்கொண்டு வரத்தான் செய்கிறது. அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, கிட்டே போய், நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "சாப்பிட்டீங்களா?"